ஒஸ்தா மாமிக்குச் சுற்றறிக்கை இல்லை

ஆசிரியருக்கு,

பெண் உறுப்புச் சிதைப்பு ஆப்பிரிக்காவின் சங்கதி என்று நம்மவர்கள் கைகழுவுவது எரிச்சலூட்டுகிறது. ஒஸ்தா மாமி எனப்படும் பரம்பரைக் கைவழக்கப் பெண்ணை அழைத்துப் பெண் குழந்தைக்குக் கத்னா, அதாவது பிறப்புறுப்பில் கீறுவதோ வெட்டுவதோ, செய்விக்கும் வழக்கம் இலங்கையிலும் உண்டு. வெளியே பேசமாட்டோம், அவ்வளவுதான்.

ஆறு ஆப்பிரிக்க நாடுகளில் 28,000க்கு மேற்பட்ட தாய்மாரை ஆராய்ந்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட முடிவின்படி, உறுப்பை வெட்டி மூடிவிடும் கடுமையான வகைக்கு உள்ளானோரிடம் சிசேரியன் 31 சதவீதமும், பிரசவத்துக்குப் பிந்தைய கடும் இரத்தப்போக்கு 69 சதவீதமும் அதிகம். வடு எளிதில் விரிந்து கொடுக்காது, கிழியும்.

இங்கே நடப்பது சிறு கீறல்தானே என்பார்கள். கைக்குழந்தையிடம் சம்மதம் கேட்டது யார்?

மருத்துவத் துறையினர் இதைச் செய்யக்கூடாதென 2018இல் சுகாதார அமைச்சு சுற்றறிக்கை விடுத்தது. ஒஸ்தா மாமியை அது தொடவில்லை. திருகோணமலை மாவட்டக் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்குகளிலாவது மருத்துவமாதுகள் இதைப் பேசட்டும், மாமியாரும் உடனிருக்கும்போதே.

ஓய்வுபெற்ற மருத்துவமாது,
திருகோணமலை