தோட்டத்துக்கு வரும் முன், அம்மிணிக்கு

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ அனுப்பிய நீளமான மெசேஜை நானும் அப்பாவும் ஆளுக்கொரு தடவை படித்தோம். தை பிறந்ததும் நீயும் மாப்பிள்ளையும் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு நம்ம தோட்டத்துக்கே வந்துவிடப் போவதாக எழுதியிருக்கிறாய். எனக்குச் சந்தோஷம்தான் கண்ணு. அப்பா வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே கிணற்று மேட்டுக்குப் போய் மோட்டார் ரூம் கதவுக்கு எண்ணெய் விட்டுவிட்டு வந்தார். தாராளமாக வாங்க. அதில் இரண்டாவது பேச்சே இல்லை.

ஒரு வரிதான் மனசுக்குள் நின்றுகொண்டே இருக்கிறது. "பாட்டிங்க காலத்துல எல்லாமே காட்டுலயே விளைஞ்சுது, காசே தேவைப்படலை, நாங்களும் அப்படி வாழப் போறோம்" என்று எழுதியிருக்கிறாய். உனக்கு இதை யார் சொன்னார்களோ தெரியவில்லை. என் அம்மாயி, அதாவது என் அம்மாவைப் பெற்றவர், வாழ்ந்தது அந்தக் காலத்தில்தான். 1920-ஐ ஒட்டிக் கல்யாணமாகி, காங்கேயத்துக்கும் ஊத்துக்குளிக்கும் நடுவில் இருக்கிற அந்தத் தோட்டத்துக்கு வந்தவர். பள்ளிக்கூட லீவு முழுக்க நான் அவர் பக்கத்தில்தான் படுப்பேன், அவர் சொன்னதெல்லாம் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் எழுதுகிறேன்.

விளைந்தது நிறைய, அதில் சந்தேகமில்லை. மேட்டுக்காட்டில் கம்பு, சோளம், கொள்ளு. கிணற்றுத் தண்ணி பாய்கிற இடத்தில் ராகி, மிளகாய், கொஞ்சம் புகையிலை. விளக்குக்கு ஆமணக்கு. கம்மஞ்சோறும் ராகிக்களியும்தான் தினப்படி சாப்பாடு, நெல்லுச்சோறு நோம்பி நொடிக்கு. குயவர் சட்டிபானை கொண்டுவந்து கொடுப்பார், தச்சர் ஏர் செய்து கொடுப்பார், கொல்லர் கொழு அடித்துக் கொடுப்பார். எல்லோருக்கும் களத்து மேட்டில் தானியம்தான் கூலி. இதைத்தான் நீ படித்திருப்பாய் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்தக் கொழுவுக்கு இரும்பு எந்தக் காட்டில் விளைந்தது? உப்பு எங்கே விளைந்தது? உப்புக்காரரிடம் ராகியைக் கொடுத்து உப்பு வாங்கலாம், சரி. அவர் சர்க்காருக்கு வரியை ராகியாகவா கட்டியிருப்பார்? 1903 வரைக்கும் வெள்ளைக்காரன் 37 கிலோ உப்புக்கு இரண்டரை ரூபாய் வரி வாங்கினான். 1907-ல் அது ஒரு ரூபாய்க்கு இறங்கியது, 1923-ல் மறுபடியும் இரண்டரைக்கு ஏறியது, கூச்சல் எழுந்ததும் அடுத்த வருஷம் ஒன்றேகாலுக்கு வந்தது. கஞ்சிக்குப் போடுகிற உப்பின் விலை எங்கோ லண்டனிலும் டெல்லியிலும் தீர்மானமானது. சேலை சென்னிமலைத் தறியிலிருந்து வரும், அதற்குக் காசு வேண்டும். தீப்பெட்டி, சீமெண்ணெய், பித்தளைப் பாத்திரம், வெடி வைத்துக் கிணறு ஆழப்படுத்துகிற கூலி, எல்லாமே காசுதான்.

இது எல்லாவற்றையும் விடப் பெரியது நிலத்தீர்வை. நம்ம பக்கம் ரயத்துவாரி. வயலுக்கு வயல் இவ்வளவு ரூபாய் என்று சர்க்கார் எழுதி வைத்துவிடும். மழை பெய்ததா, பூச்சி தின்றதா என்ற கேள்விக்கெல்லாம் லேசில் தள்ளுபடி கிடைக்காது. தை, மாசி, பங்குனியில் கிஸ்தி, அதாவது தீர்வைத் தவணை, கட்டியாக வேண்டும், அதுவும் வெள்ளிக்காசாக. கட்டாவிட்டால் பயிரையும் நிலத்தையும் ஜப்தி செய்து ஏலம் விட 1864-லேயே சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். மணியக்காரரும் கணக்குப்பிள்ளையும் தெருவில் வந்தாலே வீட்டு ஆம்பளைகள் முகம் மாறிவிடும் என்பார் அம்மாயி.

இதில் ஒன்றைக் கவனி. ஊரே ஒரே சமயத்தில் அறுக்கிறது, ஊருக்கே ஒரே சமயத்தில் கிஸ்தி. அப்படியானால் ஊரே ஒரே சமயத்தில் தானியத்தை விற்கத்தானே வேண்டும்? விலை தரைக்கு வந்துவிடும். ஆடி மாசம் குதிர் காலியாகும்போது அதே தானியத்தை ஏறின விலைக்கு வாங்க வேண்டும். கையில் காசில்லாதவன் தானியத்தையே கடன் வாங்குவான். நாலு வள்ளம் வாங்கினால் அறுவடையில் ஆறு வள்ளம் திருப்பித் தர வேண்டும். இந்த ஒரு சுழலில்தான் எத்தனையோ காடு தோட்டங்கள் கைமாறிப் போயின.

அந்த வள்ளத்தைப் பற்றி அம்மாயி சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். நாலு படி ஒரு வள்ளம். களத்தில் அளக்கிறவர் முதல் வள்ளத்துக்கு "ஒண்ணு" என்று சொல்ல மாட்டார், "லாபம்" என்பார். லாபம், ரெண்டு, மூணு என்று எண்ணிக்கை போகும். கடன் கொடுக்கும்போது வள்ளத்தின் வாயோடு ஒரு குச்சியை வைத்துத் தலைதட்டி அளப்பார்கள். அதே கடனைத் திருப்பி வாங்கும்போது குச்சி எங்கே போனதென்றே தெரியாது. கோபுரம் மாதிரி குவித்து, சரிகிற தானியத்தை ஒரு கையால் அணைத்துப் பிடித்து, அப்படியே சாக்கில் கவிழ்ப்பார்கள். வள்ளம் அதேதான், குச்சியை யார் வைத்திருக்கிறார் என்பதுதான் விஷயம். "பாத்துக்கிட்டே நிப்போம் கண்ணு, வாயத் திறக்க முடியாது, அடுத்த வருசமும் அந்த வாசப்படிதான மிதிக்கோணும்" என்பார்.

சங்கம் வைத்துக் கடன் கொடுக்கலாம் என்று 1904-ல் கூட்டுறவுச் சட்டம் வந்ததெல்லாம் உண்மைதான். அந்த வருஷமே திருவள்ளூர் பக்கம் திரூரில் முதல் சங்கம் தொடங்கியது. ஆனால் எங்கள் அம்மாயி வீட்டு வாசலுக்கு அது வந்து சேர ஒரு தலைமுறை ஆனது.

காசுக்காகத்தான் பருத்தி போட்டார்கள். முன்னால் உப்பம், நாடன் என்கிற பழைய ரகங்களை மானாவாரியாக விதைத்தார்கள். 1904, 1905 வாக்கில் கம்போடியா பருத்தி சென்னை மாகாணத்துக்கு வந்தது. இழை நீளம், கிணற்றுத் தண்ணி பாய்ந்தால் மகசூலும் கூட. கோயம்புத்தூரில் ஏற்கெனவே மில் ஓடிக்கொண்டிருந்தது, திருப்பூரில் ரயில் நின்றது. அதனால் காங்கேயம் காளை பூட்டின வண்டிகள் ராத்திரியோடு ராத்திரியாகத் திருப்பூருக்குக் கிளம்பின. அங்கே போனால் தரகு என்று கொஞ்சம், கோயில் தர்மத்துக்கு மகமை என்று கொஞ்சம், சாக்கு எடை என்று கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். முன்பணம் வாங்கியிருந்தால் விலையைப் பற்றி வாயே திறக்க முடியாது. இந்தப் பிடித்தங்களைக் கட்டுப்படுத்த 1933-ல் ஒரு சட்டம் வந்து, 1936-ல் திருப்பூரில் பருத்திக்கென்று ஒழுங்குமுறைச் சந்தை ஏற்பட்டது. இன்றைக்கு நாம் தேங்காய்ப் பருப்பைக் கொண்டுபோய் எடை போடுகிற ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் மூத்த தலைமுறை அதுதான். அங்கே மின்தராசு முன்னால் நிற்கிறபோதெல்லாம் எனக்கு அந்த வள்ளமும் குச்சியும்தான் ஞாபகத்துக்கு வரும்.

மாட்டு வியாபாரம் மட்டும் தனி உலகம். சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் தேருக்குக் கூடுகிற மாட்டுச் சந்தைக்கு அம்மாயி வீட்டுத் தாத்தா வருஷம் தவறாமல் போவார். விலையை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தரகர் துண்டை எடுத்துக் கைமேல் போட்டு, அடியில் விரலைப் பிடித்துப் பேசுவார். பத்தா நூறா என்று முதலில் முடிவாகும், அப்புறம் எத்தனை விரல் என்பது. சுற்றி நிற்கிற ஐம்பது பேருக்கும் முகம்தான் தெரியும், தொகை தெரியாது. கன்றாக இருக்கும்போது செவலையாக இருந்து ஆறு மாசத்துக்கு மேல் சாம்பல் நிறத்துக்கு மாறுகிற நம்ம காங்கேயம் மாட்டுக்குப் பாலக்காட்டுப் பக்கமிருந்துகூட ஆள் வந்து நிற்பார்கள்.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும், கேட்கப் பிடிக்காது என்றாலும். கிணற்றிலிருந்து மாடு பூட்டித் தோல்சாலில் இறைக்கிற கவலை ஓட்டித்தான் தண்ணி பாய்ச்சினார்கள். விடியக் கருக்கலில் மாட்டைப் பூட்டி நாள் முழுக்க இறைத்தாலும் அரை ஏக்கர் நனைந்தால் பெரிது. அந்தத் தோல்சாலும் அதன் வாலாகத் தொங்குகிற தும்பி என்கிற தோல்குழாயும் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர்கள். சால் கிழிந்தால் அன்றைக்குப் பாசனமே நின்றுபோகும், அவர்கள் வந்துதான் ஆக வேண்டும். ஆனால் தாகம் எடுத்தால் அவர்கள் அந்தக் கிணற்றில் இறங்கித் தண்ணி மொள்ள முடியாது. யாராவது மேலே நின்று ஊற்ற, கையேந்திக் குடிக்க வேண்டும். அளக்கும்போது கடைசியில் நின்று, மிச்சம் இருந்ததைத்தான் வாங்கிப் போனார்கள். அந்தக் காலத்தை அழகாகச் சொல்கிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. நம்ம வீடும் அதில் ஒரு பங்காளிதான் என்று தெரிந்துகொண்டு நீ இந்த மண்ணில் கால் வைக்க வேண்டும். உன்னிடம் வேலைக்கு வருகிறவர்களுக்கு நாளைக்கு எந்த டம்ளரில் காபி கொடுக்கிறாய் என்பதை நான் பார்ப்பேன்.

இப்போது அம்மாயி விஷயத்துக்கு வருகிறேன். எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

வீட்டில் இரண்டு எருமை. பால் விற்கிற வழக்கமில்லை, தயிர் கடைந்து வெண்ணெய் எடுப்பார். மோர் கேட்டு வருகிறவர்களுக்குச் சும்மாவே ஊற்றுவார், வெண்ணெய் மட்டும் வியாபாரம். ஊத்துக்குளி வெண்ணெய்க்கு இன்றைக்கும் பேர் இருக்கிறதே, அது இப்படி நூறு வீட்டு அம்மாயிகள் விடியக்காலையில் மத்து பிடித்துச் சம்பாதித்துக் கொடுத்த பேர். வாரம் ஒரு தடவை வியாபாரி வருவார். வெண்ணெயைத் தண்ணியில் போட்டு வைத்திருந்து, அவர் கண் முன்னாலேயே பிழிந்து தண்ணியை வடித்துவிட்டுத்தான் அம்மாயி தராசில் வைப்பார். "தண்ணிக்கு நான் காசு வாங்க மாட்டேன், நீங்களும் கல்லுக்கு என்கிட்ட வெண்ணெய் வாங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு எடைக்கல்லைக் கையில் எடுத்துப் பார்ப்பாராம். அது போக, மத்தியானங்களில் ராட்டை. சந்தையில் நூலைக் கொடுத்தால் பஞ்சும் மேலே கொஞ்சம் சில்லறையும் கிடைக்கும். திருப்பூர்ப் பக்கம் கதர் வேலை பெருகின பிறகு கூலி தவறாமல் வந்தது.

காலணாவும் அரையணாவுமாகச் சேர்ந்தது சிறுவாடு. அடுக்குப்பானையில், கொள்ளுக்கு அடியில் இருக்கும். நூற்றுத்தொண்ணூற்றிரண்டு தம்பிடி சேர்ந்தால்தான் ஒரு ரூபாய், யோசித்துப் பார். அந்தக் காசில் ஆட்டுக்குட்டி வாங்கி வாரத்துக்கு விட்டார், குட்டி போட்டால் வளர்க்கிறவருக்குப் பாதி, இவருக்குப் பாதி. படிக்கத் தெரியாது, கணக்கெல்லாம் சுவரில் கரிக்கோடு. பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும்போது மட்டும் அந்த ஒரு சுவரை விட்டுவிடச் சொல்வாராம்.

1930-ல் விலையெல்லாம் விழுந்தது. உலகம் முழுக்க மந்தம், அமெரிக்காவில் தொடங்கியது காங்கேயத்துக் களம் வரை வந்தது. பருத்தி பாதி விலைக்குக்கூடப் போகவில்லை. தீர்வை மட்டும் குறையவில்லை, வட்டியும் குறையவில்லை. அடுத்த வருஷம் தங்கம் விலை ஏறினதும் ஊர் ஊராகப் பெண்கள் கழுத்தில் கிடந்ததெல்லாம் கப்பலேறிப் போனது. கிழக்குத் தோட்டத்தை அடமானத்திலிருந்து மீட்கத் தாத்தாவிடம் வழியில்லை. அம்மாயி அடுக்குப்பானையை இறக்கினார், ஆட்டையும் விற்றார், தோட்டம் மீண்டது. கடன்பட்ட விவசாயிகளுக்கு 1938-ல் ராஜாஜி மந்திரிசபை நிவாரணச் சட்டம் கொண்டுவந்து பழைய வட்டியைத் தள்ளியது, ஆனால் அதற்கு முன்னாலேயே போன காடுகள் போனதுதான்.

மீட்ட தோட்டத்தின் பட்டாவில் அம்மாயி பேர் கடைசிவரை ஏறவில்லை. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை குறைபட்டுக்கொண்டதில்லை. எனக்குத்தான் இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அதனால் மூன்று விஷயம் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாமல் யோசி. இரண்டு பேரும் ஒரே நாளில் வேலையை விடாதீர்கள். ஒருத்தர் சம்பளம் இரண்டு வருஷத்துக்காவது வரட்டும், அது நீயாகவே இருந்தாலும் சரி. தென்னைக்கு வெள்ளை ஈ வந்தாலும், மஞ்சள் விலை படுத்தாலும், நல்ல விலை வரும்வரை சரக்கைக் கையில் வைத்திருக்கிற தெம்பு அந்தச் சம்பளத்தில்தான் இருக்கிறது. அப்புறம், கணக்கு. எருவுக்கு எவ்வளவு, ஆள் கூலி எவ்வளவு, உங்கள் சொந்த உழைப்புக்கு எவ்வளவு என்று முதல் நாளிலிருந்தே எழுதுங்கள். உன் உழைப்பை ஒரு தனி வரியில் போடு, வீட்டு வேலையோடு சேர்த்து மறைத்துவிடாதே.

மூன்றாவதை நானும் அப்பாவும் பேசி முடித்துவிட்டோம். கிணற்றோடு சேர்ந்த மேற்குப் பகுதியை உன் பேருக்கு, உன் ஒருத்தி பேருக்கு மட்டும், செட்டில்மென்ட் எழுதிவிடுவது என்று. 1989-லேயே தமிழ்நாட்டில் பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று சட்டம் வந்தாயிற்று, பாதி வீடுகளில் அது இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. மாப்பிள்ளை நல்லவர், அவர் மேல் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. இதை அவரிடமும் காட்டு, அவர் ஒத்துக்கொள்வார். தம்பியிடம் அப்பா பேசிவிட்டார், அவனுக்கும் சம்மதம்.

புரட்டாசி லீவில் நாலு நாள் சேர்ந்தாற்போல் வா. வில்லங்கச் சான்றிதழ் எடுக்க மனு போட்டிருக்கிறோம், அதற்குள் கைக்கு வந்துவிடும். ஆதார், பான் கார்டு இரண்டும் அசலாகவே எடுத்து வா. பத்திரம் எழுதுகிறவர் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு இழுத்தடிக்கிறார். மண் பரிசோதனைக்கு மாதிரியும் அன்றைக்கே எடுத்துக் கொடுத்துவிடலாம், தை மாசத்துக்குள் முடிவு தெரிந்துவிடும்.

அன்புடன்,
அம்மா