வாங்கும் முன்பே விற்கும் கணக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் தேவராசாவுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. மகளின் திருமண அலுவல்கள் நல்லபடியாக நிறைவேறியதையும், ஓய்வுபெற்ற பின்னரும் ஊரிலுள்ள பழுதான நீரிறைக்கும் இயந்திரங்கள் யாவும் உமது முற்றத்துக்கே வந்து சேர்வதையும் வாசித்து நானும் மனைவியும் மகிழ்ந்தோம். அறுபது வயதைக் கடந்த பிறகு அறியாத நாடொன்றில் பழைய வான் வாங்கி, அதிலேயே சமைத்து, அதிலேயே உறங்கி ஊர் சுற்றப்போவதாகக் கேள்விப்பட்டது மெய்தானா என்று வினவியிருந்தீர். மெய்தான். செப்டெம்பரில் நியூசிலாந்துக்குப் புறப்படுகிறோம். விசா கிடைத்துவிட்டது, காலிமுகத்திடலுக்கு அண்மையிலுள்ள ஆட்டோமொபைல் சங்கத்தில் சர்வதேசச் சாரதி அனுமதிப்பத்திரமும் எடுத்தாயிற்று. தங்குமிடத்துக்கு முற்பணம் செலுத்தாதவர்கள், ஆளொருவருக்கு மாதமொன்றுக்கு 1,000 நியூசிலாந்து டொலர் கைவசம் இருப்பதைக் காட்ட வேண்டும் என்பது அந்நாட்டு விதி. எங்களுடைய தங்குமிடமோ இன்னும் வேறு யாரோ ஒருவரின் பெயரில் வீதியில் ஓடிக்கொண்டிருப்பதால், வங்கிக் கணக்கையே காட்டினோம்.

வாடகைக்கு எடுத்தால் தொல்லையில்லையே என்பது உமது முதல் ஆட்சேபம். இரண்டு மூன்று வாரப் பயணம் என்றால் நானும் அதையே செய்திருப்பேன். மூன்று மாதத்துக்கு நாள்வாடகை கட்டுவதைவிட வாங்கி விற்பது மலிவு. ஆனால் விற்பதையும் பயணத்தின் ஒரு பகுதியாகக் கொண்டால் மாத்திரமே அது மலிவு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி தடைப்பட்ட பிறகு, வாங்கிய விலைக்கு மேலாகவே பழைய வாகனத்தை விற்றுப் பழகிய எமக்கு, வான் என்பது தங்கச் சங்கிலியைப் போன்ற ஒரு முதலீடாகிவிட்டது. அங்கே அதன் விலை பருவத்தோடு ஏறி இறங்குகிறது. கோடை தொடங்கும் நவம்பர், டிசெம்பரில் முதுகுப்பையோடு வந்திறங்கும் இளைஞர்கள் போட்டி போட்டு வாங்குகிறார்கள்; மார்ச், ஏப்ரலில் விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில் அவர்களே கிடைத்த விலைக்கு விட்டுச் செல்கிறார்கள். ஆகவே, கூட்டம் வருவதற்கு முன் செப்டெம்பரில் ஓக்லண்டில் வாங்கி, நவம்பர் இறுதியில் புதிதாக வருவோர் தேடும் வேளையில் கிறைஸ்ட்சேர்ச்சில் விற்பதென்று தீர்மானித்திருக்கிறோம். விற்பதற்கென்று கடைசி இரண்டு வாரங்களை ஊர் பார்க்காமல் ஒதுக்கியிருப்பதில் மனைவிக்குச் சற்று மனக்குறைதான்.

இனி உமக்குப் பிரியமான இயந்திர விடயம். அங்கும் எமது டொயோட்டா ஹயஸ்தான் அரசன். ஜப்பானிலிருந்து பாவித்ததாக இறங்கியவை, வலப்பக்கச் சுக்கான், இடப்பக்க ஓட்டம். அந்நாட்டில் வாகனத் தகுதிச் சான்றிதழ் ஒன்று உண்டு. நாம் ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை செய்து வரிப்பத்திரம் எடுப்பதோடு நின்றுவிடுகிறோம். அவர்களோ பிரேக், விளக்கு, ரயர், ஆசனப்பட்டி, உடற்சட்டத்தின் துரு ஆகியவற்றையெல்லாம் சோதிக்கிறார்கள். ஆனால் இயந்திரமும் கியர்ப்பெட்டியும் எந்த நிலையில் உள்ளன என்பதை அந்தச் சான்றிதழ் சொல்லாது. புதிய சான்றிதழைக் கண்டு மயங்கி வாங்குபவர், அடுத்த மலையேற்றத்திலேயே வழியில் நிற்கலாம். அதனால் சுயாதீனமான கராஜ் ஒன்றில் காட்டிப் பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். கடற்காற்றில் வாகனத்தின் அடித்தளம் எப்படி அரிபடும் என்பதை வெள்ளவத்தைக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாகனத்தின் பேரில் கடன் பாக்கி உள்ளதா என்று பார்க்க இணையத்தில் பொதுப் பதிவேடு இருக்கிறது. பெயர்மாற்றத்தை வாங்குபவரும் விற்பவரும் தனித்தனியே அறிவிக்க வேண்டும். பெயர் மாற்றாமலே கையெழுத்திட்ட படிவத்தோடு வாகனத்தைக் கைமாற்றும் எமது ஊரின் ‘ஓப்பன் பேப்பர்’ வித்தைக்கு அங்கு இடமில்லை. மூன்றாம் தரப்புக் காப்புறுதி அங்கு கட்டாயமன்று என்பது எனக்கு வியப்பாயிருந்தது. விபத்தில் காயமுற்றால் அரசின் விபத்து இழப்பீட்டுத் திட்டம் சுற்றுலாப் பயணியின் சிகிச்சைக்கும் உதவும். ஆனால் பிறர் வாகனத்துக்கு நேரும் சேதம் எமது தலையில்தான் விழும். ஆகையால் கட்டாயமில்லாவிட்டாலும் காப்புறுதி எடுப்போம்.

உமக்குச் சிரிப்பை வரவழைக்கக்கூடிய சங்கதி மலசலகூடம். 2023 இல் நிறைவேறிய சட்டத்தின்படி, உள்ளூராட்சி நிலங்களில் இலவசமாக இரவு தங்குவதற்குப் பொதுவாக வானுக்குள் நிலையாகப் பொருத்திய கழிவறை வேண்டும். கட்டிலுக்கடியில் தள்ளிவைக்கும் பெட்டி செல்லாது. அப்படிப் பொருத்திப் பச்சைநிறச் சான்று பெற்ற வான்களுக்கு விலை அதிகம். அதைத் தேடி அலைவதா, சாதாரண வானை வாங்கி இயற்கைப் பாதுகாப்புத் திணைக்களத்தின் முகாம்களில் கட்டணம் செலுத்தித் தங்குவதா என்று வீட்டில் நீண்ட விவாதம் நடந்தது. விற்கும்போதும் அந்தச் சான்றுக்கு மதிப்பிருக்கும் என்பதால் மனைவி சொன்னபடியே முதலாவதைத் தெரிந்தோம். அவர் வறுத்துத் திரித்த மிளகாய்த்தூளைப் பொதிசெய்திருக்கிறார். உணவுப் பொருளை அறிவிக்காமல் கொண்டுசென்றால் விமான நிலையத்திலேயே 400 டொலர் அபராதம். அறிவித்துவிட்டு, விடுவதும் பறிப்பதும் அதிகாரியின் கையில் என்றிருப்போம்.

வழி பற்றி விரிவாக எழுத ஒன்றுமில்லை. செப்டெம்பரில் தென்தீவின் மலைக்கணவாய்களில் பனி இருக்கும். ஆகவே முதலில் வடக்கே சென்று, பிறகு மெல்ல வெலிங்டனுக்கு இறங்கி, ஏறத்தாழ மூன்றரை மணிநேரப் படகுப் பயணத்தில் குக் நீரிணையைக் கடந்து தென்தீவின் பிக்டனை அடைவோம்.

ஒரு விடயத்தில் உமது தீர்ப்பு வேண்டும். டீசலையே வாங்கும்படி எழுதியிருந்தீர். அங்கே வீதிக்கான வரி பெற்றோல் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. டீசல் வாகனத்துக்கோ ஆயிரம் கிலோமீட்டர் வீதம் முன்கூட்டியே தனியாக வீதிக் கட்டணம் வாங்கி, அந்தச் சீட்டைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். முன்னைய உரிமையாளர் கட்டாமல் விட்ட பாக்கியும் வாங்குபவரிடம் வந்து நிற்கும். இதைக் கூட்டிப் பார்த்தால், மூன்று மாத ஓட்டத்துக்கு டைமிங் செயின் (இயந்திரத்தின் உள்ளுறுப்புகளை ஒத்திசைவாக ஓட்டும் சங்கிலி) உள்ள பெற்றோல் இயந்திரமே போதுமென்று எனக்குத் தோன்றுகிறது. அந்தச் சங்கிலிக்குப் பதிலாகப் பெல்ட் உள்ள டீசல் வானைத்தான் நீர் இன்னமும் விரும்புவீராயின், காலையில் குளிர்ந்த நிலையில் இயக்கும்போது எந்தச் சத்தத்துக்கு, எந்த நிறப் புகைக்குப் பின்வாங்க வேண்டும் என்பதை எழுதியனுப்பும். ஓகஸ்ட் முடிவதற்குள் கிடைத்தால் உதவியாயிருக்கும். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லும்.

என்றும் அன்புடன்,
சண்முகம்