புரசைவாக்கத்துக்கு ஒரு புரச மரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பது வருடமாகப் புரசைவாக்கத்தில் குடியிருக்கிறேன். ஊருக்குப் பெயர் தந்ததே புரச மரம்தான். கங்காதரேஸ்வரர் கோயிலின் தல மரமும் அதுவே. ஆனால் கோயிலை விட்டு வெளியே வந்தால், எங்கள் பக்கத்துத் தெருக்களில் ஒரு புரசைக்கூட நான் பார்த்ததில்லை. மயிலாப்பூருக்குப் புன்னை, திருவான்மியூருக்கு வன்னி, திருவொற்றியூருக்கு மகிழம் என்று சென்னையின் பழைய மரங்களைக் கோயில் பிராகாரத்தில் போய்த் தேட வேண்டியிருக்கிறது.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது எங்கள் தெருவில் வேரோடு சாய்ந்தவை குல்மோகரும் தூங்குமூஞ்சியும். வேம்பும் புங்கனும் கிளை முறிந்தாலும் நின்றுவிட்டன. மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மோகரின் பூ எனக்கும் பிடிக்கும். ஆனால் அதற்கு வேர் ஆழமாக இறங்காது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காற்றையும் அப்புறம் மாதக்கணக்கில் வரும் வறட்சியையும் தாங்கிப் பழகியவை இந்தக் கரையோரத்து மரம் செடிகள்தாம். கிண்டி தேசியப் பூங்காவில் சுமார் 270 ஹெக்டேரில் அந்தக் காடு இன்னும் மிஞ்சியிருக்கிறது. களாவும் காரையும் சூரையும் யாரும் தண்ணீர் ஊற்றாமலே அங்கே வளர்கின்றன.

புயலில் விழுந்த இடங்களில் எங்கள் தெருவில் வைத்தது கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரம். சீக்கிரம் வளரும், எப்போதும் பச்சையாக இருக்கும் என்றார்கள். 2025-ல் தமிழக அரசே அதை நடக்கூடாது என்று தடை போட்டது. நல்ல முடிவு. சரி, அதைப் பிடுங்கிய குழியில் இனி எதை வைக்கப்போகிறோம்?

புரசங்கன்று கேட்டு நான்கு நர்சரி ஏறி இறங்கினேன். "யாரும் கேட்பதில்லை சார், மெதுவாக வளரும்" என்பதே பதில். கன்று இல்லாததால் நடுவதில்லை, நடாததால் யாரும் கன்று போடுவதில்லை. மாநகராட்சி தன் நாற்றங்காலிலேயே புரசு, புன்னை, வன்னி, மகிழம் வளர்த்து, ஆளுயரம் வந்தபின் அந்தந்தப் பகுதிக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று வருடம் பொறுத்தால் போதும்.

புரசு மாசி, பங்குனியில் இலை உதிர்த்து, மரம் முழுக்கச் செம்மஞ்சளாகப் பூக்கும். கோடையில் காய் முற்றும், ஒரு காய்க்கு ஒரே விதை. அந்த விதை நாள்பட்டால் முளைக்காது, உடனே போட வேண்டும். வரும் வைகாசியில் விதை பொறுக்க யார் கூப்பிட்டாலும் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
புரசைவாக்கம், சென்னை