17 என்ற எண்ணை மறக்க வேண்டாம்

மதிப்புக்குரிய சுகாதார அமைச்சருக்கும் மலேரியா தடை இயக்கத்தின் அதிகாரிகளுக்கும்,

மலேரியா தடுப்புச் செலவைக் குறைக்கும் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு 1963ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறது. அந்த வருடம் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர்கள் வெறும் 17 பேர்.

அந்த எண்ணின் பெறுமதி தெரிய வேண்டுமென்றால் 1934க்குப் போக வேண்டும். அந்த வருடம் தென்மேல் பருவமழை பொய்த்தது. களனி கங்கையும் மா ஓயாவும் தெதுரு ஓயாவும் ஓட்டம் நின்று, மணலுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தேங்கிக் கிடந்தன. வழக்கமாக ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போகும் நுளம்புக் குடம்பிகள் (முட்டையிலிருந்து வரும் புழுக்கள்) அந்தக் குட்டைகளில் பெருகின. கேகாலை, குருநாகல் பக்கத்து ஈரவலய மக்களுக்கு மலேரியா அவ்வளவாகப் பழக்கமில்லாத நோய். உடம்பில் எதிர்ப்புச் சக்தியும் இல்லை. வறட்சியால் விளைச்சலும் கெட்டு, பசியோடு இருந்தவர்களைத்தான் காய்ச்சல் பிடித்தது. சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். நாட்டின் சனத்தொகை அப்போது 60 இலட்சம்கூட இல்லை.

பிறகு டி.டி.டி. என்ற நுளம்புக் கொல்லி வந்தது. 1940களின் நடுவிலிருந்து வீடு வீடாகத் தெளித்தார்கள், நோய் படிப்படியாக இறங்கி 17க்கு வந்து நின்றது. சரி, இனிப் பயமில்லை என்று தெளிப்பை நிறுத்தினார்கள். அதைக்கூட நான் குறை சொல்லவில்லை, அக்காலத்து உலகத் திட்டமே அப்படித்தான் இருந்தது. ஆனால் கூடவே கண்காணிப்பும் தளர்ந்துபோனது. காய்ச்சல்காரரின் விரலில் குத்தி இரத்தம் எடுத்துப் பார்க்கும் வேலை குறைந்தது. எலஹெர என்ற ஊரில் இரத்தினக்கல் தோண்டிய குழிகளில் தண்ணீர் தேங்கியது. பல ஊர்களிலிருந்தும் வந்து குவிந்தவர்கள் கிருமியோடு வீடு திரும்பினார்கள். 1969இல் மட்டும் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது.

அதை மறுபடி இறக்க நாற்பது வருடங்களுக்கு மேல் பிடித்தது. போர்க் காலத்திலும் எல்லை தாண்டி வடக்குக்கும் கிழக்குக்கும் மலேரியா வேலையைக் கொண்டுவந்தவர்களுக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். 2012 அக்டோபருக்குப் பிறகு மூன்று வருடங்களுக்கு மேல் உள்நாட்டில் ஒருவருக்கும் தொற்றவில்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் தந்தது.

அதே வருட முடிவில்தான் எங்கள் மன்னாரில் மலேரியாவைப் பரப்பக்கூடிய அனொபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புது நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் அது இருப்பது தெரியவந்தது. பழைய மலேரியா நுளம்பு ஆற்றுக் குட்டையைத் தேடும். இதற்கு வீட்டுக் கிணறும் தண்ணீர்த் தொட்டியும் போதும், நகரத்திலேயே வாழ்ந்துவிடும். கிணற்றில் வாளியை இறக்கி அள்ளிய தண்ணீரைக் குனிந்து பார்த்தால் தெரியும்: மற்ற நுளம்புகளின் குடம்பிகள் தலைகீழாகத் தொங்கும், அனொபிலிஸ் குடம்பி நீர்ப்பரப்போடு ஒட்டிப் படுத்திருக்கும். அந்த வித்தியாசத்தைப் பார்த்துச் சொல்லப் பழகிய கண் வேண்டும். அப்படிப்பட்ட ஒருவர் ஓய்வு பெற்றுப் போனால், அவருடைய இடத்தை ஒரு நாள்கூட வெறுமையாக விடாதீர்கள்.

கிருமி வெளிநாட்டிலிருந்து பயணிகளோடு இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அது வருவதும் இந்த நுளம்பு இருப்பதும் ஒரே ஊரில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எனக்கு இதைவிடப் பெரிய கவலை, இளம் வைத்தியர்களில் பலர் ஒரு மலேரியா நோயாளியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது. காய்ச்சல் என்றதும் டெங்குவைத்தான் தேடுவார்கள், அதில் அவர்கள் பிழை எதுவுமில்லை. ஆகவே காய்ச்சலோடு வருபவரிடம் "அண்மையில் வெளிநாடு போய் வந்தீர்களா?" என்று கேட்பதையும், ஆம் என்றால் உடனே மலேரியாப் பரிசோதனை செய்வதையும் தனியார் மருத்துவமனைகள் உட்பட எல்லா இடத்திலும் கட்டாயமாக்குங்கள். நுணுக்குக்காட்டியில் கிருமியை இனங்காணும் ஆய்வுகூடத்தாரின் பயிற்சியை நோயாளர் இல்லை என்ற காரணத்துக்காக நிறுத்தாதீர்கள்.

நோயே இல்லாத நோய்க்கு ஏன் இவ்வளவு பணம் என்று நிதி அமைச்சில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதிலாக 1963, 1969 என்ற இரண்டு வருடங்களின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

அப்புறம் எங்களுக்கென்று ஒரு வேண்டுகோள். மன்னார், யாழ்ப்பாண நகரங்களின் கிணறுகளில் நடக்கும் நுளம்பு ஆய்வின் முடிவுகளை ஒவ்வொரு வருடமும் தமிழில் வெளியிட்டு, அந்தந்த உள்ளூராட்சி மன்ற அலுவலகத்தில் ஒட்டுங்கள். எந்தத் தெருக் கிணற்றில் குடம்பி இருக்கிறது என்று தெரிந்தால், குடம்பியைத் தின்னும் மீன் விடுவதையும் வலை போட்டு மூடுவதையும் நாங்களே செய்துகொள்வோம்.

இப்படிக்கு,
மன்னார் நகரவாசி ஒருவர்