செயலாளரின் ஆண்டறிக்கை, 2025: வரலாற்று வட்டமும் ரயன் குடும்பமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், வந்திருக்கும் குடும்பத்தார் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, தமிழ்ப் பள்ளி, கோடைச் சுற்றுலா எல்லாம் வழக்கம்போல நடந்தன. விளையாட்டுப் போட்டியை மழை கூடத்துக்குள் விரட்டியது. அயர்லாந்தின் லிமரிக்கில் இது ஒரு செய்தியே அல்ல. வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். அதனால் இந்த அறிக்கையில் பெரும்பகுதியை நம் சங்க உறுப்பினர்களின் வரலாற்று வட்டத்துக்கே ஒதுக்குகிறேன். அதிகம் கேள்விகள் வருவதும் அதைப் பற்றித்தான்.

நாம் வாடகைக்கு எடுக்கும் கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பொங்கலன்று, சாவியை வைத்திருக்கும் அந்த அம்மையார், நம்மில் பலருடைய ஆவணங்களில் அப்பா பெயர் எப்படிக் குடும்பப் பெயரானது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பேச்சு திரும்பி அவருடைய பெயருக்கு வந்தது. அவர் ரயன். "எங்கள் வம்சம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது, உங்கள் வட்டம் தேடித் தருமா?" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டோம்.

முதலில் பெயரைப் பிடித்துக்கொண்டு தொடங்கினோம். டிப்பரரி, லிமரிக் கவுண்டிகளின் (மாவட்டங்களின்) எல்லையில் ஓனி என்று ஒரு பழைய பகுதி. அங்கே வேரூன்றிய ஓ மல்ரயன் குலத்தின் பெயர் நாளடைவில் தேய்ந்து ரயன் ஆனது. கார்லோ கவுண்டியின் இட்ரோன் பகுதியிலும் ஒரு ரயன் குலம் உண்டு. அது வேறு, இது வேறு. ஆங்கில ஆட்சியில் பல ஐரிஷ் பெயர்களின் முன்னாலிருந்த 'ஓ'வும் 'மாக்'கும் உதிர்ந்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஓ'பிரையன், ஓ'சல்லிவன் போன்றவர்கள் அதை மீட்டுக்கொண்டார்கள். ரயன்கள் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள்.

இவ்வளவும் ஒரு மாலையில் தெரிந்துவிட்டது. ஆனால் அம்மையாருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. டிப்பரரியில் எந்தப் பெயரையும்விட ரயன்தான் அதிகம். 1890இல் அயர்லாந்தில் பிறந்த குழந்தைகளின் பதிவை வைத்து மாதிசன் என்ற அதிகாரி தொகுத்த பட்டியலிலும் இப்பெயர் முதல் பத்துக்குள் வருகிறது. பெயர் ஒன்று என்பதற்காக உறவு ஒன்றாகிவிடாது. அதனால் பெயரை விட்டு ஊரைத் தேடினோம். இங்கே ஊர் என்றால் டவுன்லாண்ட் என்ற மிகச் சிறிய நிலப் பிரிவு. நாடு முழுக்க 60,000க்கும் மேல் உண்டு. சிலவற்றில் நாலைந்து வீடுகள்தான்.

ஆவணங்களின் கதை சோகமானது. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின்போது, டப்ளின் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் கிட்டத்தட்ட முழுதும் சாம்பலாயின. 1861, 1871 கணக்கெடுப்புகளை அரசே முன்பு அழித்திருந்தது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போரின்போது காகிதக் கூழாகப் போயின. முழுதாக மிஞ்சியவற்றில் பழையவை 1901உம் 1911உம்தான். தேசிய ஆவணக் காப்பகம் இரண்டையும் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது.

அம்மையாரின் கொள்ளுத்தாத்தா இரண்டிலும் இருந்தார். ஆனால் அந்தப் பத்து ஆண்டுகளில் அவருக்குப் பத்தைவிடக் கூடுதலாக வயது ஏறியிருந்தது! ஆள் மாறிவிட்டதோ என்று குழம்பினோம். 1909 ஜனவரி முதல் 70 வயது நிரம்பியவர்களுக்கு ஓய்வூதியம் வழங்கப்பட்டது என்பது அப்புறம்தான் புரிந்தது. பலருக்குப் பிறப்புச் சான்று கிடையாது, வயது கொஞ்சம் முன்னே பின்னே இருந்திருக்கும். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

பிறப்பு, இறப்புப் பதிவும் கத்தோலிக்கத் திருமணப் பதிவும் 1864இல்தான் தொடங்கின. அதற்கு முன்னால் போக வேண்டுமானால் தேவாலயப் பதிவேடுதான் வழி. கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தந்தப் பங்கிலேயே (உள்ளூர்த் தேவாலயத்திலேயே) இருந்ததால் 1922 தீக்குத் தப்பின. தேசிய நூலகம் 2015இல் அவற்றின் படிமங்களை இணையத்தில் ஏற்றியது. ஞானஸ்நானப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும், ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானப் பெற்றோர் பெயரும் இருக்கும். ஞானப் பெற்றோர் பெரும்பாலும் சித்தப்பாவோ அத்தையோ மாமாவோதான். உறவைத் தொடர இதைவிட நல்ல பிடி கிடைக்காது. மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் என்ற வழக்கமும் உதவியது. நம் வீடுகளில் பார்த்ததுதானே! கிறுக்கலான லத்தீன் கையெழுத்தைப் படித்தவர் நம் செவிலியர் உறுப்பினர் ஒருவர். மருத்துவர்களின் மருந்துச் சீட்டைப் படித்த பழக்கம் என்றார்.

அதற்கும் முந்தைய தலைமுறையில் மாட்டிக்கொண்டோம். 1847 முதல் 1864 வரை ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் நடந்த நில மதிப்பீட்டில், டிப்பரரியின் நியூபோர்ட் அருகே நாங்கள் தேடிய டவுன்லாண்டில் ஒரே பெயரில் பல ஜான் ரயன்கள். வேறுபடுத்த அடைப்புக்குறிக்குள் அப்பா பெயரோ, முடியின் நிறமோ, தொழிலோ எழுதியிருந்தார்கள். டிப்பரரி ரயன் வீடுகளில் பட்டப்பெயர் இன்றும் சர்வசாதாரணம். உங்கள் வீட்டுக்கு ஏதும் உண்டா என்று அம்மையாரிடம் கேட்டோம். கேலிப்பெயர் என்று எண்ணி இத்தனை நாள் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறார். அந்தப் பெயரே பட்டியலில் இருந்தது. அறிக்கையில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே தவிர்க்கிறேன்.

அதற்கு முன்னால் 1823 முதல் 1837 வரையிலான தசம வரி (தேவாலயத்துக்கான வரி) புத்தகங்களில் பட்டப்பெயர் கிடைக்கவில்லை. தொடர் அங்கே நிற்கிறது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரை எதிர்த்து மலையில் திரிந்த எட்மண்ட் ரயன் தங்கள் மூதாதை என்பது அம்மையார் குடும்பத்து நம்பிக்கை. இருக்கலாம் என்பதற்கு மேல் எழுத எங்களிடம் ஆதாரம் இல்லை, எழுதவும் இல்லை.

இரண்டு விஷயங்களில் செயற்குழுவில் வாக்குவாதம் எழுந்தது. ஒரு கடையில் 'ரயன் குடும்பச் சின்னம்' வாங்கி அவருக்குப் பரிசளிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. சின்னம் தனி மனிதருக்கு வழங்கப்படுவது, அந்தப் பெயருள்ள எல்லோருக்கும் சொந்தமல்ல என்பதால் கைவிட்டோம். மரபணுச் சோதனைக்குச் சங்கப் பணம் கேட்டவர்களுக்கும் இல்லை என்றோம். ஆண்வழிச் சோதனைக்கு அவருடைய அண்ணன்தான் மாதிரி தர வேண்டும், அவருக்கு விருப்பமில்லை. அதற்குமேல் வற்புறுத்துவது முறையல்ல.

2026 ஏப்ரலில் 1926 கணக்கெடுப்பு வெளியாகும் என்று தேசிய ஆவணக் காப்பகம் அறிவித்திருக்கிறது. அம்மையாரின் அப்பா அதில் சிறுவனாக இருக்க வேண்டும். வட்டம் அதையும் பார்க்கும். லத்தீன் படிக்க இன்னும் இரண்டு பேர் தேவை. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். கூடத்தின் வாடகை உயர்வு பற்றித் தலைவர் பேசுவார்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்