எரிபொருள் குறைந்தால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

புதிய விமான எஞ்சின்கள் பற்றிய உங்கள் கட்டுரை, எரிபொருள் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு வெப்பமயமாதலும் குறையும் என்று கணக்குப் போடுகிறது. கார்பன் டைஆக்சைடைப் பொறுத்தவரை அது சரி: 1 கிலோ விமான எரிபொருளுக்கு 3.16 கிலோ. ஆனால் வானில் விமானம் இழுத்துச் செல்லும் வெள்ளைக் கோட்டை மறந்துவிட்டீர்கள்.

அது புகையல்ல, எஞ்சின் கக்கும் நீராவி கரித்துகள்மேல் உறைந்த பனி. காற்று வறண்டிருந்தால் சில நிமிடங்களில் கரைந்துவிடும். கடுங்குளிரும் மிகை ஈரமும் சேர்ந்த அடுக்கில் மணிக்கணக்கில் நின்று, கீற்று மேகமாகப் பரந்து, பூமியின் வெப்பத்தை வெளியேறவிடாமல் பிடித்துக்கொள்ளும். எஞ்சினின் செயல்திறன் கூடக் கூட வெளியேற்றத்தில் வீணாகும் வெப்பம் குறையும். நீராவியோ எரிபொருள் கிலோவுக்கு அதே 1.25 கிலோதான்; வெப்பம் குறைந்த வெளியேற்றத்தில் அது எளிதில் உறையும். அதனால் பழைய எஞ்சின் கோடு போடாத, சற்றே வெப்பமான உயரத்திலும் புதியது போடும்!

கரியைக் குறைக்கலாம். எரிபொருளில் உள்ள நாஃப்தலீன் போன்ற அரோமாட்டிக் (கார்பன் வளையம் கொண்ட) சேர்மங்களே கரிக்கு முக்கியக் காரணம். ஆனால் அவற்றை அடியோடு நீக்கினால், அவற்றால் உப்பி இறுகியிருந்த பழைய ரப்பர் சீல்கள் சுருங்கி எரிபொருள் கசியும். மாற்று எரிபொருள் கலவையிலும் குறைந்தது 8 சதவீதம் அரோமாட்டிக் இருக்க வேண்டும் என்ற விதி அதற்காகத்தான். ஹைட்ரஜனில் கரியே இல்லை. ஆனால் அதே ஆற்றலுக்கு நீராவி சுமார் 2.6 மடங்கு.

எரிபொருளை எஞ்சினில் அல்லாமல் இறக்கையில் மிச்சம் பிடித்தால், கோடு கூடும் இந்தப் பக்கவிளைவு இல்லை. எடை மாறாமல் இறக்கையின் முனைக்கு முனை நீளத்தை 10 சதவீதம் கூட்டினால், தூக்குவிசையோடு பிறக்கும் இழுவை சுமார் 17 சதவீதம் குறையும். தடை விமானநிலையத்தில் இருக்கிறது: குறுந்தூரப் பயணத்துக்கான சிறிய விமானங்கள் நிற்கும் இடங்கள் 36 மீட்டருக்கு உட்பட்ட இறக்கைக்கே அளவெடுக்கப்பட்டவை. ஏர்பஸ் ஏ320நியோ 35.8, போயிங் 737 மேக்ஸ் 35.9 மீட்டர் என்று இருவருமே விளிம்பில் நிற்கிறார்கள்.

நெடுந்தூரப் பெரிய விமானமான போயிங் 777எக்ஸ் இறக்கை முனைகளை மடக்கி 71.8 மீட்டரை 64.8 ஆக்குகிறது. அதற்குக் கீல், பூட்டு, முனை பூட்டாமல் புறப்பட முயன்றால் எச்சரிக்கும் அமைப்பு என எடை ஏறும். நெடுந்தூரப் பயணத்தில் அந்த எடைக்கு ஈடு கிடைத்துவிடும். ஒரு மணி நேரப் பயணத்தில் அது சந்தேகமே. குறுந்தூர விமானங்களுக்கு நிறுத்துமிடத்தை அகலப்படுத்துவதே மலிவா என்பதை உங்கள் அடுத்த கட்டுரை ஆராயட்டும்.

இப்படிக்கு,
விமானப் பொறியியல் துறை வாசகர்கள்