ஒரு கேபிள், இரண்டு கணினி

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. பழைய கணினியில் கிடக்கும் 200 ஜிபி படங்களை பென் டிரைவில் தவணை முறையில் சுமந்துகொண்டிருக்கிறாயாமே! விட்டுவிடு. ஒரு லேன் கேபிள் போதும், நடுவில் ரவுட்டர்கூட வேண்டாம். கேபிளைச் செருகுவது அரை நிமிட வேலை. அதற்குப் பிறகு விண்டோஸோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

ஒன்று மட்டும் செய்யாதே. இரு முனையிலும் தட்டை பிளக் உள்ள யுஎஸ்பி கேபிளை இரண்டுக்கும் நடுவே மாட்டிவிடாதே. இரண்டு பக்கமும் 5 வோல்ட் தருகிற போர்ட்டுகள். கோப்பு போகாது, போர்ட் போய்விடலாம்.

லேன் கேபிளில் கேட்-5இ ரகம் தாராளம். கிராஸ் கேபிள், அதாவது அனுப்பும் கம்பிகளும் வாங்கும் கம்பிகளும் இடம் மாறிய கேபிள், வேண்டுமா என்று கேட்டிருந்தாய். ஒரு பக்கமாவது கிகாபிட் போர்ட் இருந்தால் வேண்டியதில்லை. எந்தக் கம்பி ஜோடியில் அனுப்புவது, எதில் வாங்குவது என்பதை அதுவே பார்த்து மாற்றிக்கொள்ளும். இரண்டுமே பழைய 100 மெகாபிட் கார்டுகள் என்றால்தான் அந்தக் கவலை. நீயே கிரிம்ப் செய்வதானால், அதாவது முனையில் பிளக் அடிப்பதானால், ஒரு முனையை டி568ஏ, மறுமுனையை டி568பி என்ற கம்பி நிற வரிசையில் அடி. ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் இடம் மாறும், அவ்வளவே.

அடுத்து ஐபி எண், நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணினிக்கும் உள்ள முகவரி. ஒன்றும் கொடுக்காவிட்டாலும் சற்று நேரத்தில் 169.254 என்று தொடங்கும் எண்ணை இரண்டும் தாமே எடுத்துக்கொள்ளும், வேலையும் நடக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் எண்ணைத் தேட வேண்டிவரும். ஆகவே ஈதர்நெட்டின் ஐபிவி4 அமைப்பில் பழைய கணினிக்கு 192.168.50.1, புதியதற்கு 192.168.50.2 என்று நீயே கொடுத்துவிடு. சப்நெட் மாஸ்க் இரண்டுக்கும் 255.255.255.0. கேட்வே, அதாவது வெளியே போகும் வழி, என்ற கட்டத்தைக் காலியாக விடு. அதை நிரப்பினால் இணையத்துக்குப் போக வேண்டியதெல்லாம் இந்தக் கேபிளில் போய் முட்டி நிற்கும். வைஃபையில் ஏற்கெனவே ஓடும் ஐபி எண் வரிசையையும் இங்கே போடாதே. பெரும்பாலான ரவுட்டர்கள் 192.168.0 அல்லது 192.168.1 தருவதால்தான் 50 என்றேன்.

இனி ஃபயர்வால், வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் விண்டோஸின் காவல். கேட்வே இல்லாத இணைப்பை விண்டோஸ் 'அடையாளம் தெரியாத நெட்வொர்க்' என்று, நம்பக்கூடாத பொது இணைப்புகளுக்கான பப்ளிக் பட்டியலில் தள்ளிவிடும். மறு கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் போகாது, பகிர்ந்த கோப்புறையான ஷேரும் திறக்காது. எல்லாரும் கேபிளைக் குறை சொல்லும் இடம் இதுதான். ஃபயர்வாலை மொத்தமாக அணைக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதே. ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்கை மட்டும் பப்ளிக்கிலும் அனுமதி. வேலை முடிந்ததும் அந்த டிக்கை எடுத்துவிடு.

பழைய கணினியில் கோப்புறையை ஷேர் செய்யும்போது ஷேரிங், செக்யூரிட்டி என்ற இரண்டு டேபிலும் அனுமதி வேண்டும். இரண்டில் எது கறாரோ அதுதான் செல்லும். புதியதில் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடு போட்டு 192.168.50.1 என்று அடி. பழைய கணினியின் கணக்குப் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். விண்டோஸைத் திறக்கும் பின் (PIN) எண் இங்கே செல்லாது. பாஸ்வேர்டே இல்லாத கணக்கையும் நெட்வொர்க் வழியாக விண்டோஸ் உள்ளே விடாது. பழைய கணினியில் இதற்கென்றே பாஸ்வேர்டோடு ஒரு லோக்கல் கணக்கைத் தொடங்கிவிட்டால் தொல்லையில்லை.

கிகாபிட்டில் நொடிக்கு 110 எம்பி வரை வரும். உன் 200 ஜிபி அரை மணி நேரம். 11 எம்பியிலேயே நின்றால் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம், ஐந்து மணி நேரம் இழுக்கும். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், 100-க்கு நான்கு போதும். அதனால் மற்ற நான்கில் ஒரு கம்பி அறுந்தால் இணைப்பு நிற்காமல் வேகம் மட்டும் படுத்துவிடலாம். முதலில் கேபிளை மாற்றிப் பார். வேகம் ஏறி இறங்கினால் அது பழைய ஹார்ட் டிஸ்கின் மூச்சிரைப்பு; ஆயிரக்கணக்கில் சின்னக் கோப்புகள் இருந்தாலும் அப்படித்தான்.

இரண்டிலும் ஸ்லீப்பை அணைத்துவிட்டுத் தொடங்கு. விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற கட்டளையால் நகலெடுத்தால், நடுவில் அறுந்தாலும் மறுபடி ஓட்டும்போது முடிந்த கோப்புகளைத் தாண்டிப் போகும். முடிந்த கையோடு பழையதை அழிக்காதே. இரு பக்கமும் பிராப்பர்டீஸைத் திறந்து கோப்பு எண்ணிக்கையும் பைட் கணக்கும் ஒத்துப்போகிறதா பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்